கல்லறை மெழுகு

"'நம்ம அம்மா நரகத்துலதான் இருக்கா. நீ பூ போட்டா எந்திரிச்சு வந்துடுவாளா?' இப்படிக் கேக்குறா, சிஸ்டர், என் கூடப்பிறந்த தங்கச்சி. அதே வார்த்தை. நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல."

பெர்னதெத்தின் குரலுக்குச் செத்தவர்களையும் சிஸ்டர் எமரென்சியாவையும் தவிர, கல்லறைத் தோட்டத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் அது. உருகி வழிந்த மெழுகைச் சிஸ்டர் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். பெர்னதெத்தைவிட வயதில் சின்னவர். ஆனாலும் மனசு கலங்கினால் அவள் ஓடி வருவது இவரிடம்தான்.

"நேத்து ஊரே பாக்க, எரியுற மெழுகுவத்திய மிதிச்சு அணைச்சா. செவந்திப் பூவை அள்ளி வீசினா. செத்தவங்களுக்கு விளக்கு வைக்கிறது பாவமாம். நம்ம கோயில விட்டுட்டு அந்த ஜெபச் சபையில சேந்ததுலேருந்து இதே பாட்டுதான்."

"அடுத்த வருஷமும் மிதிப்பாளா?"

"மிதிப்பா."

"கையப் பிடிச்சுத் தடுங்க."

"அது எனக்குத் தெரியாதா? மன்னிக்கணுமா, அதச் சொல்லுங்க. இனி என் வாசப்படி ஏறாதேன்னு சொல்லிட்டேன். பூசையில ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் 'சமாதானம்'னு கும்பிடு போடுறேன். இவ மூஞ்சிய நினைச்சா ஜெபமே வரமாட்டேங்குது."

சிஸ்டர் கத்தியை அவள் கையில் கொடுத்தார்.

"உங்கம்மா கல்லறை இன்னும் பாக்கி."

கான்வென்ட்டில் படித்த காலத்திலிருந்தே இப்படித்தான். கேள்வி கேட்டால் கன்னியாஸ்திரிகள் வேலை கொடுப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டே பெர்னதெத் முழங்காலிட்டாள்.

சிலுவையின் அடியில் மெழுகு நசுங்கி, தட்டையாக இறுகிக் கிடந்தது. கத்தியை வைத்தாள்.

எடுத்துவிட்டாள்.

மெழுகில் விரல்கள் பதிந்திருந்தன. பெருவிரல் ஆழமாக. சுண்டுவிரல் லேசாக.

கால் விரல்கள்.

"சிஸ்டர்."

"ம்."

"வெறுங்காலோட மிதிச்சிருக்கா."

"செருப்ப எங்க விட்டா?"

"வாசல் கேட்டுகிட்டதான் விட்டிருப்பா. சின்ன வயசுல நாங்க அங்கேயே கழட்டணும். இல்லாட்டி அம்மா தொடையில கிள்ளுவா." சொல்லிவிட்டு மெழுகையே பார்த்தாள். "கல்லறையில இருக்கறது வெறும் மண்ணு, மண்ணுக்கு என்ன மரியாதைன்னு கேக்குறவ, சிஸ்டர், அவ."

சிஸ்டர் அடுத்த கல்லறைக்கு நகர்ந்திருந்தார்.

அந்த இடத்தை மட்டும் சுரண்டாமல் பெர்னதெத் எழுந்தாள்.

வழியில் மருந்துக் கடையில் தீப்புண்ணுக்குக் களிம்பு வாங்கினாள். நேரே தங்கச்சி லூர்துமேரி வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ஜெபச் சத்தம் சட்டென்று நின்றது.

"லூர்து, நாந்தான். பூவும் கொண்டு வரல, மெழுகுவத்தியும் கொண்டு வரல. கதவத் திற."

தாழ்ப்பாள் அசையவில்லை.

"பேச வேணாம்டி. கால மட்டும் காட்டு."