நீரில் இறங்காத மாப்பிள்ளை

ஆவாரங்காட்டு ஏரியில் பாசிமுத்து என்ற நீர் ஆமை பரிசல்துறை நடத்திவந்தார். பரிசல் என்று ஒன்றும் கிடையாது. அவருடைய மகன், தம்பிமார், தம்பி பிள்ளைகள் என்று பதினைந்து ஆமைகள் கரையில் வரிசையாக நிற்பார்கள். முயலோ அணிலோ எலியோ ஓட்டின் மேல் ஏறி உட்கார்ந்தால் போதும். கிழக்குக் கரையில், நாவல் மரத்தடியில் பத்திரமாக இறக்கிவிடுவார்கள்.

பாசிமுத்துவின் மகள் அல்லிக்குப் பக்கத்துக் கரட்டிலிருந்து மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் புள்ளியப்பன். ஓடு முழுக்க நட்சத்திரக் கோலம். தங்கமான குணம். ஆனால் அவர் தரை ஆமை. கரட்டு மேட்டில் புல் மேய்ந்து வளர்ந்தவர். மழைத் தண்ணீர் தேங்கிய குழியைக் கண்டால்கூடச் சுற்றிக்கொண்டுதான் போவார். ஆமைக்கு நீந்தத் தெரியாமலா இருக்கும் என்று பெண் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று, சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் பாசிமுத்து எழுந்து நின்றார்.

"கல்யாணம் முடிஞ்சதும் துறைக்குத் தலைவர் எங்க மாப்பிள்ளைதான். தினமும் மொத சவாரி அவரோடது. அவர் எறங்காம யாரும் தண்ணியில எறங்கக் கூடாது!"

சபை ஆரவாரம் செய்தது. புள்ளியப்பன் கடித்த விருந்துச் சாப்பாட்டை இலையிலேயே வைத்துவிட்டார். வேண்டாம் என்றால் மாமனாருக்கு அவமானம். தெரியாது என்றால் தன் வீட்டுக்கு மானக்கேடு. பாவம், தலையை ஆட்டிவைத்தார். ஆட்டிய தலையை அன்று முழுவதும் ஓட்டை விட்டு வெளியே எடுக்கவில்லை.

கல்யாணமும் முடிந்தது. துறையில் முதல் நாள். எல்லோரும் வரிசையில் காத்திருந்தார்கள். புள்ளியப்பன் ஏரியைப் பார்த்தார். அதற்கு அக்கரையே தெரியவில்லை. "இன்னைக்குத் திங்கக்கிழமை. கிழக்கே சூலம். பயணம் ஆகாது" என்றார். மாப்பிள்ளை சொன்னால் சரிதான் என்று பாசிமுத்து துறையை மூடிவிட்டார். மறுநாள் அஷ்டமி. அதற்கு மறுநாள் நவமி. நாலாம் நாள் பல்லி கத்திய திசை சரியில்லை. ஐந்தாம் நாள் மாப்பிள்ளை தானே தும்மிவிட்டு, சகுனத் தடை என்றார்.

அணில்கள் ஏரியைச் சுற்றி அரைநாள் நடந்து நாவல் பழம் தின்னப் போயின. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்களே, ஆமை வீட்டிலேயே ஆமை புகுந்தால் கேட்கவா வேண்டும் என்று ஒரு அணில் நொடித்தது புள்ளியப்பன் காதிலும் விழுந்தது. அல்லிக்கு உண்மை தெரியும். அப்பாவிடம் நானே சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டவே வேண்டாம் என்று புள்ளியப்பன் கெஞ்சினார். அல்லியின் தம்பி மடுவான்தான் பதினைந்து பேரிலும் வேகமாக நீந்துகிறவன். ஆனாலும் அக்காள் புருஷனை ஒரு வார்த்தை கேட்டுவிட முடியுமா? இல்லாத பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

ஆறாம் நாள் விடியும்போதே மழை கொட்டியது. ஏரி மளமளவென்று ஏறியது. நடு ஏரியில் ஒரு மண்திட்டு. அதில் வெள்ளச்சி என்ற முயல் மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள். திட்டு சுருங்கிச் சுருங்கி ஒரு முறம் அளவுக்கு வந்துவிட்டது.

"யாராவது வாங்களேன்! பிள்ளைங்களைத் தண்ணி இழுக்குது!" என்று அலறினாள் வெள்ளச்சி.

பதினைந்து ஆமைகளும் தண்ணீர் விளிம்பில் நின்றார்கள். ஒருவரும் இறங்கவில்லை. மாப்பிள்ளை இறங்கவில்லையே! பாசிமுத்து வாயைத் திறந்தார், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

புள்ளியப்பன் மனதுக்குள் கிழமையை எண்ணிப் பார்த்தார். அன்று சனிக்கிழமை. நிஜமாகவே கிழக்கே சூலம். சாக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது கடைசிக் குட்டி வழுக்கியது. வெள்ளச்சி அதன் காதைக் கவ்விப் பிடித்துக்கொண்டாள். வந்த சாக்கை அவர் விழுங்கிவிட்டார்.

"மாமா, எனக்கு நீச்சல் தெரியாது. எறங்கினா கல்லு மாதிரி அடியில போய் உக்காந்துடுவேன். எனக்காக நிக்காதீங்க, மடுவானை அனுப்புங்க!"

மடுவான் அப்பாவின் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தொபுக்கென்று குதித்தான். பின்னாலேயே சித்தப்பாமார் குதித்தார்கள். திட்டு மூழ்குவதற்குள் தாயும் மூன்று குட்டிகளும் ஆமை முதுகில் இருந்தார்கள்.

கரைக்கு வந்தால் அங்கே வேறொரு தொல்லை. மேடெல்லாம் சேறு. தண்ணீரில் துடுப்புப் போட்டுப் பழகிய நீர் ஆமைக் கால்கள் இரண்டடி ஏறினால் மூன்றடி சறுக்கின. வெள்ளச்சி தானாகத் தாவி ஏறிவிட்டாள். குட்டிகளோ குளிரில் விறைத்துப்போயிருந்தன. அவற்றைத் தன் முதுகில் ஏற்றச் சொன்னார் புள்ளியப்பன். கரட்டில் நடந்து உரமேறிய கால்கள் அவருடையவை. நகத்தை ஊன்றி ஊன்றி ஏறி, மூன்றையும் ஆவாரம் புதருக்குள் காய்ந்த இடத்தில் சேர்த்துவிட்டார்.

திரும்பி வரும்போது மாமனாரை எந்த முகத்தோடு பார்ப்பது என்று கூசியது. பாசிமுத்துவோ மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்பாடா! சொன்னீங்களே மாப்பிள்ளை! கல்யாணத்தன்னைக்கு உங்க காலைக் கழுவினேன் பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு. விரலுக்கு நடுவுல தோலே இல்ல. ஆனா சபையில சொல்லியாச்சே. குடுத்த பதவியத் திருப்பிக் கேட்டா நீங்க கோவிச்சுக்குவீங்களோன்னு பயம். எங்கே எறங்கிடுவீங்களோன்னு தினமும் பக்கு பக்குன்னு இருக்கும். நீங்க சூலம்னு சொன்னதும்தான் எனக்கு உசுரே வரும்."

புள்ளியப்பன் திருதிருவென்று விழித்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து அல்லி பார்ப்பது அதுதான் முதல் தடவை. ஆறு நாளாக அழுத்திய பாரம் இறங்கிவிட்டது. அன்றுதான் அவருக்குப் பசி என்று ஒன்று எடுத்தது.

மறுநாள் முதல் சவாரி மடுவானுடையது. துறையிலிருந்து மேட்டுக்கு ஏற்றி இறக்கும் வேலையைப் புள்ளியப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார். நொடித்த அணிலே அவர் முதுகில்தான் முதலில் ஏறியது. வீட்டு விசேஷங்களில் மட்டும் முதல் இலை எப்போதும் போல மாப்பிள்ளைக்குத்தான்.

உறவுக்காரருக்கு மரியாதையை அள்ளிக் கொடுக்கலாம். வேலையை மட்டும் அது தெரிந்தவரிடம்தான் கொடுக்க வேண்டும்.