அரண்மனை வெண்டைக்காய்

அரண்மனைச் சாப்பாடு என்றால் நாக்கில் நீர் ஊறுகிறவர்கள் மருதவேலி அரண்மனையில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும். வெண்டைக்காய் நாராக இருக்கும். கீரை மஞ்சள் பூத்திருக்கும். கத்தரிக்காயைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

அந்த ஊர் ராஜா வீரகேசரி ராயர் நல்ல மனிதர்தான். ஆனால் பசி நேரத்தில் யார் நல்ல மனிதர்? ஒரு நாள் பொரியலை ஒரு வாய் வைத்தவர் இலையைத் தள்ளிவிட்டு, சமையல்காரர் வரதனைக் கூப்பிட்டார்.

"வரதா, இது வெண்டைக்காயா, தாம்புக் கயிறா?"

"சட்டியில் இருப்பதுதானே மகாராஜா அகப்பையில் வரும்? வருகிற காய் அப்படி இருக்கிறது" என்றார் வரதன்.

காய்கறி, மளிகை எல்லாம் வாங்கிச் சேர்த்து வைக்கும் உக்கிராணத்துக்கு அதிகாரி ஆவுடையப்பர். அவருக்குச் சுருக்கென்றது.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். காய்க்கு மட்டும் மாதாமாதம் எவ்வளவு கொட்டி அழுகிறோம் தெரியுமா மகாராஜா? இந்த ஊரிலேயே அதிகமாகக் காய் வாங்குகிற வீடு நம்முடையதுதான். குற்றம் காயில் இல்லை, கையில்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "வரதா, நாளைச் சாயங்காலம் மூட்டையைக் கட்டிக்கொள்" என்று சொல்லிவிட்டார். பாவம், வரதனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அடுப்படியைத் தவிர அவருக்கு வேறு உலகம் தெரியாது.

சபையில் சேந்தன் என்றொருவர் இருந்தார். என்ன உத்தியோகம் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. பேசுவதுதான் உத்தியோகம். அவர் எழுந்தார்.

"மகாராஜா, வரதன் கையில் குற்றமில்லை. செலவையும் குறைக்கலாம், காயும் பச்சென்று இருக்கும்."

"செலவைக் குறைத்தால் காய் நன்றாகிவிடுமா? சரி, சேந்தரே. பாதிச் செலவில் பச்சைக் காய். நாளைச் சாயங்காலத்துக்குள் வழி சொல்லும். இல்லாவிட்டால் வரதனோடு நீரும் மூட்டை கட்டலாம்."

"அப்படியே ஆகட்டும். நாளை மத்தியானம் மகாராஜா என் வீட்டில் சாப்பிட வேண்டும். சமைப்பது வரதன்தான்."

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சேந்தன் வீட்டில் இலை போட்டார்கள். முளைக்கீரை மசியல், அவரைக்காய்ப் பொரியல், வெண்டைக்காய் மோர்க்குழம்பு. ராஜா முதலில் சந்தேகத்தோடு ஒரு வாய் எடுத்தார். அடுத்த வாய்க்குச் சந்தேகம் போய்விட்டது. பிறகு பேச்சே இல்லை. மூன்றாம் முறை மோர்க்குழம்பு கேட்டபோதுதான் வாயைத் திறந்தார்.

"எந்த ஊர்க் காய் ஐயா இது?"

சேந்தன் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆவுடையப்பர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மோசம் போனோம் மகாராஜா. இன்று காலை அரண்மனைக்கு வந்த காய் வண்டியை இந்த மனிதர் வழியில் மறித்துத் தன் வீட்டில் இறக்கிக்கொண்டார். பகல் கொள்ளை."

ராஜாவின் கை இலையிலேயே நின்றது. "உண்மையா?"

"உண்மைதான். ஆனால் திருடியது மகாராஜாவிடமிருந்து இல்லை, வெள்ளிக்கிழமையிடமிருந்து" என்றார் சேந்தன். "இந்த வண்டி உக்கிராணத்துக்குப் போயிருந்தால் இந்தக் காய் வெள்ளிக்கிழமைதான் தங்கள் இலைக்கு வந்திருக்கும். தாங்கள் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டைச் செவ்வாய்க்கிழமையே சாப்பிட்டுவிட்டீர்கள். அதனால்தான் ருசி."

ராஜா ஆவுடையப்பரைப் பார்த்தார். ஆவுடையப்பர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"உக்கிராணத்தில் ஒரு முறை உண்டு மகாராஜா. பழையதைத் தீர்த்துவிட்டுத்தான் புதியதைத் தொட வேண்டும். ஒரு காயைக்கூட வீணாக்க மாட்டேன்."

"வீணாக்க மாட்டார்" என்று சேந்தனும் ஒத்துக்கொண்டார். "வாடும்வரை காத்திருந்து, அழுகினதை அரிந்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, மிச்சத்தை அனுப்புவார். அரிந்தது போகப் பற்றாது என்று தினமும் இரண்டு பங்காக வாங்குவார். நம் மாடுகளின் மினுமினுப்பை மகாராஜா கவனித்ததில்லையா?"

"அது கிடக்கட்டும்" என்றார் ராஜா. "தினமும் வாங்கி தினமும் சமைத்தால் பழையது என்று ஒன்று எப்படி ஐயா வந்தது?"

இப்போது ஆவுடையப்பரின் நெஞ்சு கொஞ்சம் உள்ளே போனது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஏகாதசியன்று மகாராஜா விரதம். அரண்மனையில் அடுப்பு எரியாது. ஆனால் அரண்மனை வண்டியை வேண்டாம் என்று திருப்பி அனுப்புவது அபசகுனம் இல்லையா? அதனால் இறக்கி வைத்துக்கொள்வோம். மறுநாள் அதைச் சமைப்போம். அன்று வந்தது அதற்கு மறுநாளைக்கு. அடுத்த ஏகாதசி வந்தால் இன்னும் ஒரு நாள் தள்ளிப் போகும்."

"மூன்று நாளுக்கு மேல் எந்தக் காயும் தாங்காது. அதனால் அதோடு நின்றது, மகாராஜா பிழைத்தீர்கள்" என்றார் சேந்தன். "உக்கிராணத்தில் இருப்பதையெல்லாம் இன்றே ஒரேயடியாக மாட்டுத் தொழுவத்துக்கு அனுப்பிவிடலாம். நாளையிலிருந்து அன்றன்றைக்கு வேண்டியது மட்டும், அன்றே அடுப்புக்கு. ஏகாதசியன்று வண்டி வர வேண்டாம். பாதிச் செலவு தானாகக் குறையும்."

"மூன்று வண்டிக் காயை ஒரே நாளில் மாட்டுக்கா?" என்று ஆவுடையப்பர் பதறினார்.

"தினமும் அரை வண்டி போடுகிறீரே, அப்போது வலிக்கவில்லையா?" என்று ராஜாவே கேட்டுவிட்டார்.

வரதனின் மூட்டை அவிழ்ந்தது. சேந்தனுக்கு ராஜா தன் தோளிலிருந்த பட்டுச் சால்வையை எடுத்துப் போர்த்தினார். பிறகு கை கழுவிக்கொண்டே ஒரு பெருமூச்சு விட்டார்.

"இத்தனை ஏகாதசி பட்டினி கிடந்தேனே சேந்தரே. புண்ணியம் வரும் என்றார்கள். வாடல் காய்தானே வந்தது. என் புண்ணியமெல்லாம் எங்கே போயிற்று?"

"தாங்கள் மறுநாளே பாரணை செய்து விரதத்தை முடித்துவிடுகிறீர்கள். அந்த வெண்டைக்காய்தான் மகாராஜா, அதற்குப் பிறகும் இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தது. புண்ணியம் அதற்குப் போயிருக்கும்."

ராஜா சிரித்த சிரிப்பில் புரையேறி, இன்னொரு டம்ளர் மோர் கொண்டுவர வேண்டியதாயிற்று.