கரட்டு மேல புலி

ஒரு ஊருல ஒரு கரடு இருந்துச்சாம். அத மலைன்னு சொன்னா மலைக்கே சிரிப்பு வந்துரும். கீழ வெத்தல போட்டுக்கிட்டு ஏறுனா உச்சியில போயித் துப்பலாம், அம்புட்டுதான் ஒசரம்.

அந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ குருவம்மா. அவ ஆத்தா ஆத்துக்கு அந்தக் கரையில தனியாக் கெடந்தா. மழைக்காலத்துல வெள்ளம் வந்துரும், பரிசல் ஓடாது. அதனால ஆத்தா தெனம் விடிஞ்சதும் பச்சத் தழையப் போட்டுப் புகை எழுப்புவா, மக கரட்டுல ஏறி அதப் பாப்பா. புகை தெரிஞ்சா ஆத்தா சொகமா இருக்கான்னு அர்த்தம்.

அந்த ஊரு மணியக்காரரு சடையப்பன் இருக்காரே, அவரு ராசாகிட்டப் போயி, "மகாராசா, எங்க மலையில புலி இருக்கு, வாரம் ஒரு ஆடு குடுத்தா கீழ எறங்காது"ன்னு சொல்லிட்டாரு. ராசாவும் ஆடு அனுப்புனாரு. அந்த ஆட்டுக்கு மசாலா அரைச்சது எந்த வீட்டுலங்கிறீங்க? மணியக்காரரு வீட்டுலதான்! யாராச்சும் மேல போயிப் பாத்தா குட்டு ஒடஞ்சுருமேன்னு பாதையில முள்ள வெட்டிப் போட்டு அடைச்சுட்டாரு.

எட்டு நாளா புகையப் பாக்காம குருவம்மாவுக்குச் சோறு எறங்கல. அழுது கேட்டுப் பாத்தா, கால்ல விழுந்து பாத்தா, மனுசன் மசியல.

ஒன்பதாம் நாளு விடிஞ்சதும் ராசாவே புலி வேட்டைக்கு வந்துட்டாரு. ஏழு நாளைக்குக் கட்டுச்சோறு, மூணு வைத்தியரு, ராணி அழுது வழியனுப்பி வேற வச்சிருந்தா. சிரிக்காதடீ, கேளு. ராசாவுக்காக முள்ள எடுத்தாக, குருவம்மாவும் பின்னாடியே ஏறிட்டா.

பத்து எட்டு வச்சதும் ராசா கேட்டாரு, "இன்னும் எத்தன நாளு?"

"மூணு நாளு மகாராசா"ன்னாரு மணியக்காரரு.

இன்னும் பத்து எட்டு. "இப்ப?"

"ரெண்டு நாளு மகாராசா."

இன்னும் பத்து எட்டு வச்சுட்டு ராசா வாயத் தெறந்தாரு. பின்னாடி இருந்து குருவம்மா, "சாமி, இதான் உச்சி"ன்னா.

சொல்லிட்டு அந்தக் கரையப் பாத்தா, புகையக் காணோம். "ஆத்தா!"ன்னு அப்படியே உக்காந்துட்டா. ராசா வெசயத்தக் கேட்டாரு, கேட்டுட்டு அங்கனயே நின்னாரு. ராசா நின்னா சேனையும் நிக்கணும்ல? அத்தன பேரும் வேட்டைய மறந்து அந்தக் கரையையே பாத்துக்கிட்டு நின்னாக. ரொம்ப நேரங்கழிச்சு நூலாட்டம் ஒரு புகை கெளம்புச்சு. மழையில தழை நனைஞ்சுருச்சு, பத்த நேரமாயிருக்கு, வேற ஒண்ணுமில்ல. குருவம்மா அழுதா, சிரிச்சா, திரும்பவும் அழுதா.

அப்புறந்தான் ராசாவுக்கு ஞாபகம் வந்துச்சு. "ஏய்யா, புலி எங்க?"

"வெளியூரு போயிருக்கு மகாராசா."

"போகல சாமி, ஆடு தின்ன புலி இங்கனதான் நிக்குது. தொப்பையப் பாருங்க"ன்னா குருவம்மா.

ராசா கட்டுச்சோத்த அங்கனயே பிரிச்சு ஊருக்கே போட்டாரு. மணியக்காரருக்கு ஒரு உத்தரவும் போட்டாரு. தெனம் காலையில வெறகு சொமந்து ஏறி, மக சொகமா இருக்கான்னு ஆத்தாளுக்கு அவருதான் பதில் புகை போடணும். காத்து வாங்க மேல வர்ற புள்ளைக "புலி எங்க?"ன்னு கேட்டா, "நாந்தான்"னு கையக் கட்டிச் சொல்லணும்.

அப்புறம் அந்தக் கரையிலயும் புகை, இந்தக் கரையிலயும் புகை. ஆத்தா அங்க சொகம், மக இங்க சொகம். நீங்க கண்ண மூடுனா நானும் சொகம்.