பொன்னேட்டுக்கு மூன்று சாட்சிகள்

கொற்றூரை ஆண்ட மதிவர்ம ராஜாவுக்குப் புதிதாக எதைப் பார்த்தாலும் ஆசை வந்துவிடும். ஒரு வருடம் கிளி வளர்த்தார். மறு வருடம் கிளிகளை விரட்டிவிட்டு வீணை கற்றார். கிளிகளே பரவாயில்லை என்று அரண்மனை பேசிக்கொண்டது. அதற்கடுத்த வருடம் சோதிமுனி வந்து சேர்ந்தார்.

சோதிமுனி புது மதம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதற்கு வேதம் ஒரு பொன்னேடு. வானத்திலிருந்து மலையுச்சியில் இறங்கியதாம். முனிவர் படித்து முடித்ததும் மறுபடி வானத்துக்கே போய்விட்டதாம். ராஜா சொக்கிப்போனார். பெருவழியில் இருந்த அன்னசத்திரத்தை மூடிவிட்டு, அதன் நிலத்தை முனிவரின் மடத்துக்குத் தருவதாகச் சபையிலேயே வாக்குக் கொடுத்துவிட்டார்.

அவைப்புலவர் ஆவுடையப்பருக்குப் பகீரென்றது. வேலை தேடி இந்த ஊருக்கு வந்த நாளில் அவர் பசியாறியது அந்தச் சத்திரத்தில்தான். யோசிக்காமல் வாயைத் திறந்து, அந்த ஏட்டை யாராவது பார்த்தார்களா என்று கேட்டுவிட்டார்.

ராஜாவின் முகம் சுருங்கியது. மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள் என்றார். நாளைக்கு அவர்களை விசாரிக்கலாம், சாட்சி நிற்காது என்று காட்டினால் சத்திரம் பிழைக்கும், இல்லையென்றால் ஆவுடையப்பர் மொட்டையடித்துக்கொண்டு முனிவருக்குச் சீடராகிவிட வேண்டும் என்றும் சொன்னார். ஆவுடையப்பர் தன் குடுமியைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஊரே பொறாமைப்படும் குடுமி அது.

மறுநாள் சாட்சிகள் வந்தார்கள். அரண்மனை மருத்துவர் தாமோதரர், குதிரை லாயத் தலைவர் இருளப்பர், மல்லன் சங்கிலி. பொய்யர்கள் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. மருத்துவர் ராஜாவிடமே தொப்பையைக் குறைக்கச் சொன்னவர். இருளப்பர் கிழட்டுக் குதிரையைக் கிழம் என்றுதான் விற்பார். சங்கிலிக்குப் பொய் ஜோடிக்கும் பொறுமையே கிடையாது. மூவரும் ஏட்டைப் பார்த்ததாகவும் அது தகதகவென்று மின்னியதாகவும் சத்தியம் செய்தார்கள். 

ஏடு எவ்வளவு கனம் இருந்தது என்று ஆவுடையப்பர் கேட்டுப் பார்த்தார். மூவரும் முனிவரைப் பார்த்தார்கள். முனிவர் புன்னகைத்தார்.

"அது கையால் தொடுகிற பொருள் அல்ல, புலவரே. ஊனக்கண்ணுக்கும் தெரியாது. இவர்கள் என்னோடு மலையில் விரதம் இருந்து, அகக்கண் திறந்து பார்த்தார்கள். பாவிகளுக்குத்தான் அது தென்படாது."

ஆவுடையப்பர் முகம் மலர்ந்துவிட்டது. சாட்சி பலமானது, தோற்றேன் என்று கும்பிட்டார். சபை வாயைப் பிளந்தது. சத்திரத்தை மூடுமுன் சாட்சிகளுக்கு அங்கே ஒரு விருந்து வைக்க வேண்டும், ராஜாவும் முனிவரும் உடன் உட்கார வேண்டும், அப்புறம் நாவிதரை வரச் சொல்லலாம் என்று கேட்டுக்கொண்டார். ராஜாவும் சம்மதித்தார்.

மறுநாள் மத்தியானம் இலை போட்டார்கள். பரிசாரகர்கள் பெரிய பாத்திரங்களோடு வரிசையாக வந்தார்கள். கரண்டியை விட்டுக் கலக்கி, பவ்யமாகப் பரிமாறினார்கள். ஆனால் இலையில் ஒன்றும் விழவில்லை. ஆவுடையப்பர் மட்டும் பக்கத்தில் நின்று, இது கத்தரிக்காய்க் கூட்டு, இது வடை என்று உபசரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன விளையாட்டு இது?" என்றார் ராஜா.

"ஊனக்கண்ணுக்குத் தெரியாது, அரசே. சாட்சிகளைக் கேளுங்கள். அவர்கள் சொன்னால் நம்புவீர்களே."

ராஜா கேட்டார். தாமோதரர் இலையைப் பார்த்தார், முனிவரைப் பார்த்தார், தொண்டையைக் கனைத்துக்கொண்டு கூட்டில் உப்பு சரியாக இருக்கிறது என்றார். இருளப்பர் ஒரு படி மேலே போய், ரசம் ஓடாமல் இலையோரத்தில் கையால் அணை கட்டினார்.

சங்கிலிதான் பாவம். விருந்து என்று கேட்டதிலிருந்து பட்டினி கிடந்து வந்திருந்தான். அடுக்களையில் ஆவுடையப்பர் நிஜமாகவே சமைக்கச் சொல்லியிருந்தார். நெய்யில் முந்திரி வறுபடும் வாசனை வந்தது. அவன் கண்ணில் நீர் கோத்தது. பாயசக் கரண்டி காலியாக இலைக்கு மேல் வந்ததும் அதை எட்டிப் பிடித்துக்கொண்டான்.

"இலையில ஒண்ணுமே இல்லீங்க, ராஜா."

பந்தி அப்படியே நின்றது. ராஜா மெதுவாகக் கேட்டார். "அப்படியானால் மலையில் பார்த்த பொன்னேடு?"

சங்கிலி கொஞ்சம் யோசித்தான். "அதுவும் இந்த இலை மாதிரியேதாங்க இருந்துச்சு. இவங்க ரெண்டு பேரும் ஆகான்னாங்க. நான் மட்டும் பாவியா நிக்க வேணாமேன்னு ஆமான்னுட்டேன்."

"நீர் ஆகா என்றதால்தானே நானும் சொன்னேன்" என்று தாமோதரர் இருளப்பர் பக்கம் திரும்பினார்.

"முதலில் ஆகா என்றது நீர்தான், ஓய்" என்றார் இருளப்பர்.

ராஜா சிரிக்க ஆரம்பித்தார். இலை நழுவிப் போகுமளவுக்குச் சிரித்தார். நிஜச் சாப்பாடு வந்த பிறகும் சிரிப்பு அடங்கவில்லை. சோதிமுனி மட்டும் எழுந்து நின்று, சிரிப்பு இருக்கட்டும், ராஜ வாக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார்.

இந்தக் கேள்வி வருமென்று ஆவுடையப்பர் விடிந்ததிலிருந்து பதிலைத் தயாராக வைத்திருந்தார். வாயைத் திறந்தார். அதற்குள் ராஜா மீசையில் ஒட்டிய பாயசத்தைத் துடைத்துக்கொண்டு முந்திக்கொண்டார்.

"என் வாக்கு மாறாது, முனிவரே. சத்திரத்து நிலத்தைப் போல இரண்டு மடங்கு தந்தேன். அதோ, கதிர் முற்றி நிற்கிறது. அகக்கண்ணைத் திறந்து அறுத்துக்கொள்ளும்."

சத்திரம் பிழைத்தது. குடுமியும் பிழைத்தது. ராஜா தன் பட்டாடையை எடுத்து ஆவுடையப்பருக்குப் போர்த்தினார். அவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்து, இன்னும் என்ன குறை என்று கேட்டார்.

"கடைசியாகத் தாங்கள் சொன்னீர்களே, அரசே, அந்தப் பதிலை முதலில் யோசித்தது நான். ஆனால் அதற்குச் சாட்சி இல்லையே."

சங்கிலி வாய் நிறைய வடையோடு கையைத் தூக்கினான்.

"நான் பாத்தேனுங்க" என்றான்.