சாரிக்கு ஈடு

தூத்துக்குடியில் ஓர் ஓட்டல் முதலாளி, தன் சர்வர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வேதரத்தினம் என்ற மாஸ்டரைப் பிடித்துவந்தார். மாஸ்டரின் பூட்ஸ் சத்தம் முன்னே வரும், அவர் பின்னே வருவார்.

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் வகுப்பு தொடங்கியது.

"சாரின்னு ஒரே சொல்லுதான். இடிச்சாலும் சாரி, இழவு வீட்டுலயும் சாரி, காது கேக்கலைன்னாலும் சாரி. உங்க தமிழ்ல இதுக்கு ஈடா ஒண்ணு இருக்காலே? மன்னிக்கவும்னு ரயில்வே ஸ்டேஷன் மைக்தான் சொல்லும்."

கடைசி மேசையிலிருந்து சர்வர் கொம்பையா எழுந்தான். "நாங்க வாயைத் திறக்காமலே அந்தக் காரியத்தை முடிச்சிருவோம் சார்."

மாஸ்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வகுப்பு முடியதுக்குள்ள அதைக் காட்டு. இல்லைன்னா உன் சீட்டைக் கிழிக்கச் சொல்லிருவேன்."

கல்லாவில் இருந்த முதலாளியும் தலையாட்டிவிட்டார்.

கொம்பையா உட்கார்ந்து, வெறுங்காலை வழியில் நீட்டிவைத்தான். பாடம் நடத்திக்கொண்டே மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி வர, பூட்ஸ் அவன் காலில் நங்கென்று பட்டது. பட்ட மாத்திரத்தில் மாஸ்டர் குனிந்து, கொம்பையாவின் தோளைத் தொட்டு, தொட்ட விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சாரி அவர் வாய்ப்பக்கமே வரவில்லை.

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவன் சீட்டு இருக்கட்டும் மாஸ்டர்."

கொம்பையா காலைத் தடவிக்கொண்டே பணிவாகக் கேட்டான். "இப்ப செஞ்சீங்களே சார், அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லுவாங்க?"