தளவாய் போட்ட ஆமாம்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னே கொன்றையூர் நாட்டைக் குலோத்தமன் என்கிற ராஜா ஆண்டு வந்தார். அவர் சபையில் ஒரு வழக்கம். ராஜா எதைச் சொன்னாலும் அத்தனை பேரும் "ஆமாம் பிரபு!" என்று கோஷம் போட வேண்டும். எல்லாரையும் விட உரக்கப் போடுகிறவர் தளவாய் நரசப்பர்.

அந்தச் சபைக்கு ஒரு நாள் சிறுபாளை ஜமீன்தார் திருமேனியார் நொண்டிக்கொண்டே வந்தார். லேசுப்பட்ட ஆளா அவர்! பட்டு மெத்தையை உதறிவிட்டுக் கப்பலேறி, அந்நிய நாடுகளில் கொடுங்கோல் ராஜாக்களை எதிர்த்து எழுந்த குடிகளோடு நின்று சண்டை போட்டவர். அங்கே பட்ட குண்டுதான் காலில்.

ஊரெல்லாம் அவர் பேச்சாகவே இருக்க, தளவாய்க்கு வயிறு எரிந்தது. "பிரபு, ராஜாக்களைக் கவிழ்த்துப் பழகிய கை அது. நாளைக்கு நம் சிம்மாசனத்தையும் விட்டு வைக்காது" என்று முன்னாடியே ஓதிவிட்டிருந்தார்.

ராஜா அதை நம்பிவிட்டார். "ஓய் திருமேனியாரே, அங்கே போய்ச் சண்டை போட்டது தப்பு என்று இங்கே சொல்லும். இல்லையா, ஜமீனை விட்டுவிட்டு நாட்டை விட்டே போம்!"

"ஆமாம் பிரபு!" என்றது சபை.

பிறந்த மண்ணாயிற்றே, திருமேனியாருக்கு விட்டுப் போக மனசில்லை. ஆனாலும் தலை குனியவில்லை. "என்னோடு நின்றவர்கள் அங்கே மண்ணுக்குள் கிடக்கிறார்கள், பிரபு. அவர்களைத் தப்பென்று சொல்ல என் நாக்கு வளையாது" என்றவர், சபையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வேண்டுமென்றே சீண்டினார். "நியாயத்துக்கு நின்றவனைத் துரத்துவதுதான் கொன்றையூர் ராஜநீதியோ?"

ராஜாவுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஓஹோ! நீர் உத்தமர், நான் அநியாயக்காரன்!"

"ஆமாம் பிரபு!"

ஐயையோ! சபையே வாயைப் பொத்திக்கொண்டது. எல்லாரையும் விட உரக்கக் கேட்டது தளவாயின் குரல்தான். மனிதர் தடாலென்று காலில் விழுந்தார்.

"வெட்டுங்கள் இவன் தலையை!" என்று ராஜா உறுமினார்.

"பொறுங்கள் பிரபு" என்றார் திருமேனியார். "நான் எதிர்த்த ராஜாக்கள் இந்த ஒரு சொல்லுக்குத்தான் தலைகளை வாங்கினார்கள். அதனால்தான் குடிகள் எழுந்தார்கள். முகத்துக்கு நேரே அநியாயம் என்று சொன்னவனின் தலை கழுத்தில் தங்குகிற நாட்டில் நான் எதற்குக் கத்தியை எடுக்கப் போகிறேன்?"

ராஜா முறைத்தார். யோசித்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். தளவாய் கையாலேயே திருமேனியாருக்கு ஆசனம் போட வைத்து, தம் பொன்னாடையைப் போர்த்தினார். "ஜமீன் உம்முடையதுதான். ஒன்று கேட்கிறேன், அந்த நாட்டுக் குடிகள் மறுபடி கூப்பிட்டால்?"

"போவேன், பிரபு."



"போய் வாரும்" என்றார் ராஜா. "எந்த ஊர் என்று கேட்டால், கொன்றையூர் என்று சத்தமாகச் சொல்லும்."