மேல்மலையில் நட்ட வாழை

கீழ்மலைக் காடு தீப்பிடித்து எரிந்ததும் ஒரு கடுவன் குரங்கும் அதன் மனைவி மந்தியும் மேல்மலைக்குக் குடிவந்தன. மந்தி கர்ப்பமாக இருந்தது. தை மாதம் குட்டி பிறந்துவிடும். அதற்குள் வீட்டருகிலேயே சாப்பாடு விளைந்தாக வேண்டும் என்பதே அதன் கவலை.

"கவலைய விடு! வாழை போட்டுடறேன். என் கை ராசியான கை!" என்ற கடுவன், கீழ்மலையிலிருந்து கொண்டுவந்த வாழைக்கன்றுகளைப் பள்ளத்துக் கறுப்பு மண்ணில் நட்டது.

பக்கத்துப் புதர் முயல் எட்டிப் பார்த்தது. "அண்ணே, இந்த மலை மூணு அடுக்கு. கீழ்மலை வெயில் வாழைக்கு, நடுமலை ஆரஞ்சுக்கு. இங்க மேல்மலையில பனி கொட்டும். கேரட்டும் முள்ளங்கியும்தான் தாங்கும்!"

"மண்ணைத் தோண்டித் திங்கறதா? எங்க குலத்துல அந்த வழக்கமே கிடையாது!"

மந்திக்கு எரிச்சலாக வந்தது. குலப்பெருமை குட்டிக்குப் பால் கொடுக்குமா? விடிகாலையில் தானே சுற்றிப் பார்த்தது. பள்ளத்தில் இறங்கியதும் கால் விறைத்தது. குளிரெல்லாம் அங்கேதான் வந்து தேங்கியிருந்தது. கிழக்குச் சரிவில் ஏறியதும் முதுகில் இளவெயில் பட்டது. காட்டுமாடுகளும் அங்கேதான் சுகமாகப் படுத்திருந்தன.

"இதுதான் நம்ம இடம்!" என்று முடிவுசெய்து, முயலிடம் கேரட் விதை வாங்கி அங்கே தூவியது.

மழையில் வாழை மளமளவென்று வளர்ந்தது. கேரட்டோ நாலு இலையோடு நோஞ்சானாக நின்றது. "பாத்தியா என் வாழையை!" என்று கடுவன் வாலைத் தூக்கிக்கொண்டு நடந்தது. மந்தி சிரித்துக்கொண்டே களை பறித்தது.

மார்கழி வந்தது. ஒரே இரவுப் பனியில் வாழை இலையெல்லாம் வெந்த கீரையாகத் தொங்கியது.

"ஐயோ! யாரு வெந்நீர் ஊத்தினது?"

"வெந்நீர் இல்ல மாமா, பனி!"

தையில் குட்டி பிறந்தது. அதற்குள் சரிவில் கேரட்டும் மண்ணுக்கடியில் பருத்திருந்தது. "பசிக்குது மாமா, கொஞ்சம் கேரட் தோண்டிட்டு வாங்க" என்றது மந்தி. கடுவன் யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்துவிட்டுச் சரிவுக்குப் போனது. போனது போனதுதான், ஆளைக் காணவில்லை! கடைசியில் கை நிறையக் கேரட்டோடும் வாய் நிறைய மண்ணோடும் வந்து நின்றது.

"குல வழக்கம் என்னாச்சு மாமா?"

"பனி பட்டு என்னமா இனிக்குதுடி!"

மந்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மடியில் குட்டி வயிறு முட்டப் பால் குடித்தது.

நம் ஆசையைக் கேட்டு நடுவதைவிட நிலத்தின் குளிரையும் வெயிலையும் கேட்டு நடுவதே வீட்டின் பசியைத் தீர்க்கும்.